கூடுதலாக இரண்டு முழங்கால்

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தது சேகு மைதீன். சிப்பிமுனை முக்கு ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். வாரத்துக்கு இரண்டு கேன் எங்கள் தண்ணீரை எடுத்துப் போய் இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு ஊற்றுகிறான். "வருசம் முடியப் போவுது, மிச்சம் கெடந்துச்சு, வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றான். வாடிக்கையாளர் ஆசையாகக் கொடுப்பதை மறுக்கக் கூடாது. அதுவும் இருப்பதே ஒரு வாடிக்கையாளர் என்னும்போது.

வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் கடல்நீரைக் காய்ச்சி நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். ஒரு நகரமே என் தண்ணீரில் பல் விளக்கியது. இங்கே வேலை அதேதான், அளவுதான் சிறிது. பக்கத்து அனல்மின் நிலையம் வீணாக விடுகிற நீராவியை வாங்கிக் கடல்நீரைச் சூடாக்குகிறோம். தொட்டிக்குள் காற்றை உறிஞ்சிவிடுவதால் அறுபது டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவி குளிர்ந்தால் நல்ல தண்ணீர். உப்பு கெட்டிப்பட்ட மிச்சத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கால்வாய் வழியே கடலுக்குத் திரும்பிப் போகும். அவ்வளவுதான் சங்கதி.

ஊரில் ஒருவரும் குடிக்க மாட்டேன் என்கிறார்கள். சப்பென்று இருக்கிறதாம். இருக்கும்தான். ஆவியில் என்ன ருசி வரும்? ருசிக்கென்று ஒரு சுண்ணாம்புத் தொட்டி டெண்டரில் இருக்கிறது. டெண்டரில் மட்டும்தான் இருக்கிறது.

தலைமை அலுவலகத்திலிருந்து இன்று உத்தரவு. டிசம்பர் முடிவதற்குள் ஆலையின் தண்ணீர் முழுவதும் மக்களிடம் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ஆலை மூடப்படும். மூடினால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எட்டாவது மாடி. பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுப் பால்கனி தெரியும். அதில் ஒருவர் நின்று நம் பால்கனியைப் பார்ப்பார்.

என் வீட்டிலும் என் தண்ணீர் கிடையாது. ஜெயக்கொடி லாரித் தண்ணீர்தான் வாங்குகிறாள். முன்பு ஒரு நாள் என் தண்ணீரில் காபி போட்டு ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

நவம்பர் 5, புதன்

பஞ்சாயத்துத் தலைவர் முத்துமாலை வந்து மூன்று தம்ளர் குடித்துப் பார்த்தார். "குத்தம்னு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஆனா தண்ணி குடிச்ச மாதிரியே இல்ல" என்றார். போகும்போது எங்கள் கேண்டீனில் காசு கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தார்.

ஊருக்குள் இலவசமாக அனுப்பிய டேங்கர் லாரி சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்தே வைத்திருந்தானாம், நடுவில் மழை வேறு பெய்தது. போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

நவம்பர் 8, சனி

ஜெயக்கொடிக்கு மழை வந்தால் மூட்டுவலி கூடிவிடும். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறாள். நாலு வருஷமாக வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான். தை பிறந்ததும் மதுரையில் ஆபரேஷன் என்று மகன் தேதி வாங்கிவிட்டான். அவள் சரியென்றாள். அன்றிலிருந்து ராத்திரிகளில் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பயமா என்று கேட்டேன். "கத்தின்னா யாருக்குத்தான் பயமில்ல?" என்றாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. கழிவுநீர்க் கால்வாயில் ஒரு பெண்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள். கருவாடு விற்கிற ஞானப்பூ. கரையில் கருவாட்டுக் கூடை, கூடை மேல் காக்கை.

"ஏ ஞானப்பூ, எந்திரி. இது கழிவு."

"கழிச்சதுதான அண்ணாச்சி? ஒங்களுக்கு வேண்டாம்னுதான விட்டிய? எனக்கு வேணும்."

"உடம்புக்கு ஆகாது."

"முட்டிக்கு ஆவுதே. ரெண்டு வருசமா முட்டி போட முடியாம பூசையில நின்னுக்கிட்டே செபம் சொன்னேன். போன ஞாயித்துக்கெழம முட்டி போட்டேன். சாமியாரே திரும்பிப் பாத்தாரு."

படிக்காத சனம். சொன்னால் புரியாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். ஜெயக்கொடி சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணி எத்தன டிகிரி இருக்கும்?" என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. நாற்பத்தொன்று என்று ஆரம்பித்து, கொதிகலம், வெற்றிடம், குளிர்விப்பான் எல்லாம் காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கால்வாய்க்கு எந்த கேட்டு வழியா போவணும்?" என்றாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

ஜெயக்கொடி எலிசபெத் டீச்சர் வீட்டில் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தினமும் காலை ஏழு மணிக்கு. நல்லதுதான், வீட்டிலேயே முடங்கிக் கிடக்கக் கூடாது.

நவம்பர் 17, திங்கள்

கால்வாயில் இப்போது நாற்பது பேர். "இது கழிவுநீர். குளிக்கக் கூடாது" என்று பெரிதாக போர்டு எழுதி வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

போர்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வரிசை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு போர்டு வைத்தேன். அது ஆண்கள் வரிசை ஆகிவிட்டது.

நவம்பர் 22, சனி

மேனேஜர் நிவேதன் கூப்பிட்டார். வயது முப்பத்தொன்று, எல்லாவற்றையும் வாய்ப்பாகப் பார்க்கிற படிப்பு. "அண்ணாச்சி, ஜனங்க சூடு பத்தலன்னு சொல்றாங்க. ரெண்டு டிகிரி கூட்ட முடியுமா?"

"சார், ஆலை தண்ணீருக்காக ஓடுகிறது. முட்டிக்காக இல்லை."

"தண்ணியத்தான் யாரும் கேக்கலயே."

முடியாது என்று சொல்லிவிட்டேன். தொழிலுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

தலைமை அலுவலகச் சுற்றறிக்கை: ஆலைக் கழிவை ஊழியரோ அவர் குடும்பத்தாரோ எவ்வகையிலும் பயன்படுத்தினால் அந்த ஊழியர் அன்றே பணிநீக்கம். எங்கேயோ ஓர் ஆலையில் எவனோ இரும்புத் துண்டை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டானாம். நானே நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். வீட்டிலும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை.

"சரி" என்றாள் ஜெயக்கொடி. நாளைக் காலையிலும் தையல் வகுப்பு உண்டாம்.

நவம்பர் 26, புதன்

ஜெயக்கொடியின் சேலை கொடியில் காய்கிறது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அரிசி மாவாக இருக்கும். தையல் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று இன்றும் கேட்டேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. படியில் முன்பக்கமாக இறங்குகிறாள்.

நவம்பர் 27, வியாழன்

மாத்திரை தீர்ந்திருக்குமே என்று டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாரமாக வாங்கிக் கொடுத்தது அத்தனையும் அட்டை பிரிக்காமல் இருக்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

கால்வாய் நீரின் சூட்டை இரண்டு டிகிரி கூட்டினேன். காலை ஏழு முதல் எட்டு வரை மட்டும். குழாயில் உப்புப் படிவு சேராமல் இருக்க இப்படிச் செய்வது உண்டு. இது முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணம். நிவேதன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், எதற்கென்று தெரியவில்லை.

லேபில் கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். உப்பைத் தவிர உடம்புக்குக் கெடுதலானது ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, பொதுவாக.

டிசம்பர் 1, திங்கள்

நல்ல தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து ஆலை தானாக நின்றுவிட்டது. அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. எடுக்க ஆள் இல்லையென்றால் உற்பத்தி நிற்கும். உற்பத்தி நின்றால் கால்வாயும் ஆறிவிடும்.

அரை மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே நூறு பேர். பஞ்சாயத்துத் தலைவரே வந்துவிட்டார், வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. அவரும் ஆண்கள் போர்டில் நிற்கிறவர்தானாம். "கழிவு எங்கே? கழிவு வேண்டும்!" என்று கோஷம். நல்ல தண்ணீருக்குப் போராடின ஊரைப் பார்த்திருக்கிறேன். கழிவுக்குப் போராடின ஊர் உலகத்தில் இது ஒன்றுதான்.

நிவேதன் என்னைப் பார்த்தார். ஆலை ஓட வேண்டும் என்றால் தொட்டி காலியாக வேண்டும். நானே போய் வால்வைத் திறந்தேன். கடலிலிருந்து எடுத்து, கொதிக்க வைத்து, ஆவியாக்கி, குளிர வைத்து, ஒரு துளி உப்பில்லாமல் சுத்தமாக்கிய தண்ணீர் எல்லாம் மறுபடி கடலிலேயே போய் விழுந்தது. வெளியே கைதட்டினார்கள். என் பிள்ளையை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது போல இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

தினமும் வால்வைத் திறக்கிறேன். தினமும் கடலில் ஊற்றுகிறேன். சேகு மைதீனுக்கு மட்டும் இரண்டு கேன்.

டிசம்பர் 6, சனி

ஜெயக்கொடியின் கெண்டைக்காலில் சொறிந்து சொறிந்து சிவந்த தடம். கொசு என்றாள். இந்த ஊர்க் கொசு முழங்காலுக்குக் கீழே மட்டும் கடிக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

விடுமுறைதான், ஆனாலும் பிளம்பரைக் கூட்டிப் போய் வால்வுக் குழாயிலிருந்து பன்னிரண்டு பூவாளிக் குழாய் இழுத்துக் கால்வாய்க் கரையில் வைத்தேன். முங்கி எழுந்தவர்கள் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொள்ளலாம். எப்படியும் கடலுக்குப் போகிற தண்ணீர்தானே, வீணாக்க மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

ஞானப்பூ முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தாள். "அண்ணாச்சி, சோப்பு என்னமா நொரைக்கி! சீலைக்கி நாலு தேய் தேச்சா போதும் போலிருக்கே!" என்றாள். உப்பில்லாத தண்ணீரில் நுரை அப்படித்தான் வரும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து என் தண்ணீரைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

டிசம்பர் 10, புதன்

தொட்டி காலி! ஊரே குளித்துத் தீர்த்துவிட்டது. "உற்பத்தி முழுவதும் மக்களால் பெறப்பட்டது" என்று நிவேதன் அறிக்கை எழுதினார். அதில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். எண்ணியது நான். நூற்று எழுபத்தொரு பேர்.

"கொஞ்சம் கம்மியாத் தெரியுதே அண்ணாச்சி. பயன் ஆளுக்கா, முட்டிக்கா?"

"முட்டிக்குத்தான்."

"அப்ப முட்டியவே போட்டுருவோம்."

முந்நூற்று நாற்பத்தொன்று என்று போட்டார்.

டிசம்பர் 15, திங்கள்

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது: முழங்கால்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிவது எப்படி?

சவேரிமுத்துவுக்கு ஒரு கால்தான் என்று பதில் எழுதினோம். அவருக்கு ஒரு கால் சர்க்கரையில் போனது. அவர் காலின் போட்டோவும், இல்லாத காலின் போட்டோவும் இணைத்தோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் பால்கனிக்கு வந்து கீழே பார்த்தேன். ஜெயக்கொடி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டது கோலம். நடுவில் எழுந்தாள், மாவை எடுத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். யாரையும் பிடிக்கவில்லை, எதையும் பிடிக்கவில்லை.

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். தூசி.

டிசம்பர் 18, வியாழன்

இல்லாத காலின் போட்டோ தெளிவாக இல்லையாம். வட்டார அதிகாரி சந்தானகோபாலன் திங்கட்கிழமை நேரில் வந்து முழங்கால்களை எண்ணுவார். கணக்கு சரியாக இருந்தால் ஆலை ஓடும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் பொய்க் கணக்கு என்று மூடிவிடுவார்.

ராத்திரி சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன், "திங்கட்கிழமை தையல் வகுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்."

"ஏன்? டீச்சர் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

சரியென்று ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அதிகாரி வந்தார். ஒல்லியானவர், கழுத்தில் கண்ணாடிக் கயிறு. முழங்கால் எண்ணுவதற்கென்றே தலைமை அலுவலகம் ஒரு படிவம் அச்சடித்திருந்தது: இடது, வலது, இல்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வரிசையில் வந்தவர்கள் வேட்டியை, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஞானப்பூ தன் முட்டியைத் தட்டிக் காட்டி, "இதுக்கு முன்ன கடகடன்னு சத்தம் போடும் சார், இப்ப கேளுங்க" என்றாள். அதிகாரி குனிந்து காது கொடுத்துக் கேட்டார். சவேரிமுத்து வந்தபோது எழுந்து நின்றே எழுதினார்: ஒன்று, இல்லை.

கடைசியில் கூட்டினார். மறுபடி கூட்டினார். "முந்நூற்று நாற்பத்து மூன்று. ரெண்டு அதிகமா இருக்கு. யாரோடது?"

நிவேதன் என் முகத்தைப் பார்த்தார். பட்டியல் போட்டது நான். நான் தப்பாக எண்ண மாட்டேன் என்பது ஆலைக்கே தெரியும்.

கால்வாயைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், கழுத்து வரை தண்ணீரில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. கத்திக்குப் பயந்த அதே பயம்.

முந்தின காலமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. இருபத்திரண்டு வருஷம் சுத்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். ஆனால் வாசலில் போட்ட கோலம்தான் என் கண் முன்னால் நின்றது.

"அது என் வீட்டு முழங்கால் சார்" என்றேன். "ரெண்டும்."

"உங்க வீட்டம்மாவா? சுற்றறிக்கை வந்திருக்குமே?"

"வந்தது. நான்தான் ஒட்டினேன். அவள் இறங்குவது முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவளுக்காகத்தான் காலையில் இரண்டு டிகிரி கூட்டுகிறேன். அரிப்புக்காகத்தான் குழாய் போட்டேன். பட்டியலில் சேர்க்காமல் விட்டதும் நான்தான்."

கால்வாய்க்குள்ளிருந்து ஜெயக்கொடியின் குரல் வந்தது: "தெரிஞ்சுக்கிட்டுத்தான் தெனமும் தையல் எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேட்டியளா?"

ஊரே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுற்றறிக்கையை ஒரு தடவை, இரண்டு தடவை படித்தார். "ஊழியர் குடும்பம் கழிவைத் தொட்டா பணிநீக்கம். கணக்கு தப்புன்னா ஆலை மூடணும்" என்றார். பிறகு ஒரு கையால் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, ஒரு காலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"மேலிடத்துல கேட்டுட்டு எழுதுறேன்" என்றார்.

சேர்ந்தேதான் வீட்டுக்கு வந்தோம். படியில் அவள் எனக்கு முன்னால் ஏறினாள்.

டிசம்பர் 26, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன்.

சிப்பிமுனை ஆலையின் உற்பத்திப் பொருள் இனிமேல் வெந்நீர் உப்புநீர். அது கழிவு அல்லாததால் ஊழியர் குடும்பம் பயன்படுத்தியதில் குற்றம் இல்லை. முழங்கால் கணக்கு முந்நூற்று நாற்பத்து மூன்று என்று திருத்தப்படுகிறது. உற்பத்தி முழுவதும் மக்களைச் சேர்வதால் ஆலை தொடர்ந்து இயங்கலாம். இந்த உற்பத்தியின்போது உண்டாகும் உப்பில்லாத தண்ணீர் கழிவாகக் கருதப்படும். சுண்ணாம்புத் தொட்டிக்கான டெண்டர் தேவையற்றது என்பதால் ரத்து.

எனக்கும் பதவி உயர்வு. வெந்நீர்ப் பொறுப்பாளர்.

நிவேதன் இனிப்பு கொடுத்தார். சாயங்காலம் ஆட்கள் வந்து சந்தனம் குங்குமத்தோடு போர்டைப் பிடுங்கி என் பூவாளிக் குழாய்கள் பக்கத்தில் நட்டார்கள். நல்ல தண்ணீர் கொட்டுகிறது, மேலே 'இது கழிவுநீர்' என்று என் கையெழுத்திலேயே நிற்கிறது. ஆலை பிழைத்தது, பெங்களூர் போக வேண்டாம், அவள் முட்டி பிழைத்தது. எல்லாம் சரிதான். ஆனாலும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஜெயக்கொடி கேட்டாள், "என்ன, போர்டா?"

ஆமாம் என்றேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

டிசம்பர் 27, சனி

காலையில் தூங்கி எழுந்தபோது லாரித் தண்ணீர்க்காரன் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தான். "இன்னைக்கு வேண்டாமாம் அண்ணாச்சி. அக்கா நேத்து ராத்திரியே போன்ல சொல்லிட்டாவ, நாந்தான் மறந்துட்டேன்" என்று போய்விட்டான்.

பால்கனியில் நின்றேன். கால்வாய்ப் பக்கமிருந்து ஜெயக்கொடி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், நிறைகுடம். அந்த இடுப்பில் குடம் பார்த்து எத்தனை வருஷமோ ஆகிறது. நான் இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். "தள்ளுங்க" என்று ஒரே வார்த்தை. சுவரைப் பிடிக்காமல் படி ஏறினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"எங்கே பிடித்தாய்?"

"போர்டு இருக்க எடத்துல."

மகனுக்குப் போன் போட்டு ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டாள். இரண்டு தம்ளர். எனக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் தம்ளரைக் குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

நானும் குடித்தேன். இத்தனை வருஷத் தொழில்காரன் உள்ளதைச் சொல்ல வேண்டும்: சப்பென்றுதான் இருந்தது.

இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.